முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு கால் வரவில்லை: இழப்பீடு கிடைக்குமா, ஊட்டியிலேயே வழக்குப் போடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்). 34 வயதுத் தம்பி, பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். இடுப்பு வலி, காலில் சுண்டி இழுக்கும் வலி என்று கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியிருக்கிறார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் எல்4-எல்5 ஜவ்வு பிதுங்கியிருக்கிறது என்று ஆபரேஷன் நடந்தது. அன்று ராத்திரியே கால் கனக்கிறது, உட்காரும் இடம் மரத்துப் போயிருக்கிறது என்று தம்பி சொல்லியிருக்கிறார். "மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை, காலையில் சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. மறுநாள் காலை 10 மணிக்கு டாக்டர் வந்தார், மதியம் எம்.ஆர்.ஐ., சாயங்காலம் இரண்டாவது ஆபரேஷன். உள்ளே ரத்தம் கட்டி நரம்புகளை அழுத்திவிட்டதாம். இப்போது பதினைந்து மாதம் ஆகிறது. இரண்டு பாதத்தையும் தூக்க வரவில்லை, சிறுநீருக்குக் குழாய்தான். "இது எந்த ஆபரேஷனிலும் வரக்கூடியது, கையெழுத்துப் போட்டுத்தானே செய்தோம்" என்கிறது மருத்துவமனை. 4 லட்சம் தருகிறோம், எழுதிக் கொடுங்கள் என்றும் கேட்கிறதாம். அக்கா கேட்பது: வழக்கு நிற்குமா, எங்கே போடுவது, எவ்வளவு கேட்பது, அந்த 4 லட்சத்தை வாங்கலாமா?

நான் உதகையில் வக்கீலாகத் தொழில் செய்கிறேன். நீங்கள் சொன்னதை ஆவணங்கள் உறுதி செய்தால், வழக்கு நிற்கும். ஆனால் "ஆபரேஷன் செய்தார்கள், கால் போய்விட்டது" என்று மனு எழுதினால் தோற்றுப்போவீர்கள். ரத்தக்கட்டு வந்ததற்காக மருத்துவமனையைக் குற்றம் சொல்ல முடியாது. முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அது சிலருக்கு வரும், நல்ல கைதேர்ந்த டாக்டர் செய்தாலும் வரும். வந்ததற்கான அறிகுறியை நோயாளி வாய்விட்டுச் சொன்ன பிறகும் ஒரு ராத்திரி முழுக்க யாரும் வந்து காலைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் உங்கள் வழக்கு. தம்பி எத்தனை மணிக்குச் சொன்னார், எத்தனை மணிக்கு டாக்டருக்குத் தகவல் போனது, எத்தனை மணிக்கு ஸ்கேன், எத்தனை மணிக்கு மறு ஆபரேஷன்? இந்த நான்கு நேரங்களும்தான் வழக்கின் உயிர்.

சட்டம் டாக்டரிடம் அதிசயத்தைக் கேட்பதில்லை. அதே துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்தச் சூழ்நிலையில் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்றுதான் பார்க்கும். இங்கிலாந்தில் 1957-இல் போலம் வழக்கில் வந்த அளவுகோல் இது. நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதை ஏற்றுக்கொண்டது. சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்காக மட்டும் டாக்டர் அலட்சியமாக இருந்தார் என்று ஆகாது. ஆகவே எதிர்த்தரப்பு வக்கீல் "இது தெரிந்த சிக்கல்தான், எங்கள் தவறல்ல" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வார். அதற்கு உங்கள் பதில்: தெரிந்த சிக்கல் என்றால் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியது யார் பொறுப்பு?

கொஞ்சம் மருத்துவமும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் திணறுவீர்கள். தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் குதிரை வால் மாதிரி கொத்தாகத் தொங்கும். கால், மலம், சிறுநீர், உட்காரும் இடத்தின் உணர்ச்சி எல்லாம் அந்தக் கொத்தின் வழியாகத்தான். அதை ஏதாவது அழுத்தினால் உட்காரும் இடம் மரத்துப்போகும், இரண்டு காலும் பலமிழக்கும், சிறுநீர் வராமல் அடைக்கும். எலும்பு மருத்துவமோ நரம்பியலோ படித்த எவருக்கும் இது அபாய அறிகுறி. ஜவ்வு பிதுங்கி அழுத்தினாலே 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும் என்று பரவலாகச் சொல்வார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கட்டும் ரத்தத்துக்கு அவ்வளவு அவகாசமும் கிடையாது, ஒவ்வொரு மணி நேரமும் சேதம் ஏறிக்கொண்டே போகும்.

"மயக்க மருந்து தெளியவில்லை" என்ற பதிலை அப்படியே குறித்து வையுங்கள், வழக்கில் உங்களுக்கு மிகவும் உதவப்போவது அதுதான். முழு மயக்கத்தில் ஆபரேஷன் நடந்திருந்தால், நோயாளி கண் விழித்துப் பேசுகிறார் என்றாலே காலை அசைக்கச் சொல்லிப் பார்த்துவிடலாம். முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்திருந்தால், அது சாதாரணமாகச் சில மணி நேரத்தில் விட்டுவிடும். எந்த மயக்கம், எத்தனை மணிக்குக் கொடுத்தது என்பதெல்லாம் மயக்கவியல் டாக்டரின் தாளில் இருக்கும். மதியம் போட்ட ஊசிக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் கால் மரத்திருக்கிறது என்றால், அந்த விளக்கம் அவர்கள் தாளிலேயே அடிபட்டுப்போகும்.

அதனால் முதல் வேலை கேஸ் ஷீட் வாங்குவது. டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறது, போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து எழுதுவது அது. நமக்கு வேண்டியது அன்றன்று, அந்தந்த மணிக்கு எழுதியவை: மயக்கவியல் தாள், ஆபரேஷன் குறிப்பு, டாக்டரின் உத்தரவுத் தாள், நர்ஸ் நோட்ஸ், ரத்தம் வடியும் குழாயில் எவ்வளவு வந்தது என்ற சார்ட், சிறுநீர் அளவு, காலின் பலத்தைப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை குறிக்கும் பதிவு. எம்.ஆர்.ஐ.-க்கு ஃபிலிம் மட்டும் வாங்காதீர்கள், சி.டி.யும் கேளுங்கள். படம் எடுத்த தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகியிருக்கும், பிறகு யாரும் பேனாவால் திருத்த முடியாது. வடிகுழாயில் ரத்தம் வருவது திடீரென்று நின்றிருந்தால் அதையும் கவனியுங்கள், சில சமயம் குழாய் அடைத்துக்கொண்டுதான் உள்ளே ரத்தம் தேங்கும்.

2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளியோ அவர் அனுமதி கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் அவற்றைப் பாதுகாத்து வைக்கவும் வேண்டும். தம்பி கையெழுத்திட்ட கடிதத்தை ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், அதன் நகலை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கோபத்தைக் கொட்டாமல், "மேல் சிகிச்சைக்காக முழு கேஸ் ஷீட்டின் நகல் வேண்டும்" என்று ஒரே வரி போதும். கொடுக்காவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகம்தான்: ஆவணத்தை மறைக்கிறவருக்கு எதிராக, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அனுமானம் செய்துகொள்ளலாம். தாள்கள் வந்ததும் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, ஒரு நோட்டில் மணி வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒரே வார்த்தைகளில் "நோயாளி நலம்" என்று வரிசையாக எழுதியிருந்தால், அதை எப்போது எழுதினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும்.

உங்களிடமும் சாட்சியம் இருக்கிறது, பெரும்பாலோர் அதை மறந்துவிடுவார்கள். அன்று ராத்திரி தம்பி கூட இருந்தவர் யார்? அவர் வீட்டுக்குப் போன் செய்தாரா, வாட்ஸாப்பில் "கால் மரத்திருக்குன்னு சொல்றான், டாக்டர் வரல" என்று எழுதினாரா? அந்த நேரம் போனிலேயே இருக்கிறது. போனை மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணத்துக்கு 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்று இணைக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

நிபுணர் கருத்து அடுத்த தலைவலி. எல்லா வழக்கிலும் அது கட்டாயம் இல்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அலட்சியம் கண்ணுக்கு நேராகத் தெரிகிற வழக்குகளுக்கு அது பொருந்தும். முதுகுத்தண்டு வழக்கில் நிபுணர் இல்லாமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளூர் டாக்டர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் எழுதிக் கொடுப்பது அபூர்வம், கோவையிலும் அதே கதைதான். வேறு மாவட்டத்திலோ பெங்களூரிலோ ஓய்வு பெற்ற நரம்பியல் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஒருவரைத் தேடுங்கள். "அலட்சியம் நடந்ததா?" என்று அவரிடம் கேட்டால் நழுவிவிடுவார். இப்படிக் கேளுங்கள்: இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் நாள் காலின் பலத்தை எத்தனை மணிக்கு ஒரு தடவை பார்ப்பது வழக்கம்? உட்காரும் இடம் மரத்தது என்று நோயாளி சொன்னால் எவ்வளவு நேரத்துக்குள் டாக்டர் வர வேண்டும்? இந்த நேரங்களைப் பார்த்தால் முன்பே ஸ்கேன் எடுத்திருக்க முடியுமா? பொதுவான மருத்துவ நடைமுறை பற்றிய கேள்விகள் என்பதால் பதில் கிடைக்கும். அதுவும் கிடைக்காவிட்டால், ஆவணங்களை அரசு மருத்துவக் கல்லூரிக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம்.

கையெழுத்து விஷயம் எளிது. ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டீர்கள், அதன் அபாயங்களுக்கும் ஒப்புக்கொண்டிருக்கலாம். ராத்திரி முழுக்கக் கவனிக்காமல் விடுவதற்கு யாரும் ஒப்புதல் கொடுக்கவில்லை. ஒப்புதல் படிவம் அச்சடித்த ஆங்கிலத்தில், கோடிட்ட இடங்கள் காலியாக இருந்தால் அதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

சரி, எங்கே போடுவது? உங்களுக்குத் தெரியாத நல்ல செய்தி இதில் இருக்கிறது. பழைய 1986 சட்டத்தில் மருத்துவமனை இருக்கும் ஊருக்குத்தான் ஓட வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். உங்களுக்கு உதகையில் இருக்கும் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நடக்க முடியாத தம்பியை மலையிறக்கிக் கோவைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே பலர் சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும்தான் சிகிச்சைக்குப் போகிறார்கள். கேரளத்து மருத்துவமனை மீதும் உதகையில் வழக்குப் போடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலேயே மனு தாக்கல் செய்துவிட முடியும்.

"ஒரு கோடி கேட்டால் மாநில ஆணையத்துக்கு, சென்னைக்குப் போகணுமே" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். இப்போது எந்த ஆணையம் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் கேட்கும் தொகை இல்லை, சிகிச்சைக்குக் கொடுத்த தொகை. 2021 டிசம்பர் இறுதியில் வந்த விதிகளின்படி 50 லட்சம் வரை கொடுத்திருந்தால் மாவட்ட ஆணையம். இந்த முறை செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2025-இல் உறுதி செய்துவிட்டது. இரண்டரை லட்சம் பில் கட்டிய நீங்கள் ஒரு கோடி இழப்பீட்டை உதகையிலேயே கேட்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.

காலக்கெடு இரண்டு வருடம். எந்த நாளிலிருந்து என்று வாதாட இடமிருக்கிறது, தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் மன்னிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தச் சூதாட்டம் வேண்டாம். முதல் ஆபரேஷன் தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். பதினைந்து மாதம் போய்விட்டது, மிச்சம் ஒன்பது. ஆவணம் வாங்கி, நிபுணரைப் பிடித்து, மனு தயாராவதற்கு அதில் பாதி போய்விடும். இடையில் மருத்துவமனை "பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று இழுத்தடித்தால் பேசுங்கள், ஆனால் அந்தப் பேச்சால் காலக்கெடு நிற்காது.

எதிர்மனுதாரராக மருத்துவமனையையும் அறுவை சிகிச்சை செய்தவரையும் சேர்த்துவிடுங்கள். "அவர் எங்கள் ஊழியர் இல்லை, விசிட்டிங் கன்சல்டன்ட்" என்பது வழக்கமான தப்பிக்கும் வழி. 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. டாக்டருக்கும் மருத்துவமனைக்கும் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் நோயாளி நம்பி வந்தது மருத்துவமனையை, எனவே பொறுப்பு மருத்துவமனைக்கும் உண்டு. அலட்சியத்துக்கான முதல்கட்ட ஆதாரத்தை நீங்கள் வைத்துவிட்டால், தகுந்த கவனம் எடுத்ததைக் காட்டும் சுமை மருத்துவமனைமேல் விழும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. டாக்டருக்குத் தொழில்முறைக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனத்தையும் சேர்த்துவிடலாம்.

உங்கள் தம்பி சொந்தப் பணம் கட்டியதால் சிக்கல் இல்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-இல் வி.பி. சாந்தா தீர்ப்பு சொன்னது. அதே தீர்ப்பு, காப்பீட்டு நிறுவனமோ வேலை கொடுத்தவரோ பணம் கட்டினால் அது இலவசம் ஆகாது என்றும் சொன்னது. எஸ்டேட் நிர்வாகம் செலவேற்று அனுப்பிய தொழிலாளியும் நுகர்வோர்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தவர்களும் இதே வாதத்தை வைக்கலாம், மருத்துவமனை எதிர்க்கத்தான் செய்யும். முழு இலவச அரசு மருத்துவமனை என்றால் சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்ற ரிட் மனுவோதான் வழி. அரசு மருத்துவமனை மீது போட்டு என்ன கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யச் சொல்லாமல் விட்டதில் பார்வை போன வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது.

போலீசுக்குப் போகலாமா என்று உறவுக்காரர்கள் சூடாகச் சொல்வார்கள். போகலாம், ஆனால் குற்ற வழக்கில் சாதாரண அலட்சியம் போதாது, மிக மோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும். சுதந்திரமான மருத்துவக் கருத்து இல்லாமல் நடவடிக்கை கூடாது என்பதும் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புதான். அங்கே தோற்றால் அந்த உத்தரவை எதிர்த்தரப்பு இங்கே கொண்டுவந்து காட்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். டாக்டரின் பதிவை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அதற்கு உண்டு, இழப்பீடு தரும் அதிகாரம் கிடையாது. அதன் முடிவுக்காகக் காத்திருந்து இரண்டு வருடத்தைத் தாண்டிவிடாதீர்கள்.

இனி தொகை. பாதி வழக்குகள் இங்கேதான் வீணாகின்றன. மருத்துவமனை பில், மன உளைச்சலுக்கு ஒரு 10 லட்சம், முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். தம்பிக்கு 34 வயது. இன்னும் முப்பது நாற்பது வருடம் வாழ வேண்டியவர். அந்த வருடங்களின் செலவைத்தான் கேட்க வேண்டும்.

வருமானத்திலிருந்து தொடங்கலாம். மாதம் 18,000 என்று நிரூபித்தால் வருடத்துக்கு 2,16,000. சுயதொழில் செய்கிற 40 வயதுக்குக் குறைந்தவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்கலாம் என்பது 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பு. 31 முதல் 35 வயதுக்கு வருட வருமானத்தைப் பெருக்கும் எண் 16 என்பது 2009-இன் சர்லா வர்மா தீர்ப்பு. இரண்டும் வாகன விபத்து வழக்குகள்தான், மருத்துவ வழக்கில் அந்தக் கணக்குக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனாலும் ஆணையத்துக்குப் பழகிய கணக்கு, குறைந்தபட்ச அடித்தளமாக வைக்கலாம். அதன்படி வருமான இழப்பு மட்டும் 48 லட்சத்துக்கு மேல். மாதம் 10,000 ரூபாய்க்கு ஓர் உதவியாள் என்றால் அதே 16-ஆல் பெருக்கினால் 19,20,000. குழாய், மருந்து, டயப்பர், பிசியோதெரபிக்கு மாதம் 6,000 என்றால் 11,52,000. இதுவே 79 லட்சத்தைத் தொடுகிறது. வலிக்கும் வேதனைக்கும் இன்னும் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை.

ஊனச் சான்றிதழில் 60 சதவீதம் என்று வந்தால் மருத்துவமனை வக்கீல் "வருமானத்திலும் 60 சதவீதம்தான்" என்பார். 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது: உடலின் ஊன சதவீதம் வேறு, அவர் செய்த வேலைக்கு அது ஏற்படுத்தும் இழப்பு வேறு. குமாஸ்தாவுக்குக் கை போவதும் டிரைவருக்குப் போவதும் ஒன்றல்ல. பாதத்தைத் தூக்க முடியாதவர் கோத்தகிரி வளைவுகளில் கிளட்ச் மிதித்து வண்டி ஓட்ட முடியாது. தம்பிக்கு அது 100 சதவீதம். சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். லைசென்ஸ், வண்டியின் ஆர்.சி., தேயிலை ஃபேக்டரியின் லோடு பதிவேடு, வங்கிக் கணக்கு, ஃபேக்டரிக்காரரின் பிரமாணப் பத்திரம் எல்லாம் சேர்ந்து ஒரு சம்பளச் சீட்டுக்குச் சமம்.

அப்புறம் வீடு. சமவெளியில் இருக்கிற வக்கீலுக்கு இது தோன்றாது. நம் ஊரில் ரோட்டிலிருந்து வீட்டுக்கு நேராக நடந்து போக முடிகிற வீடு எத்தனை? இருபது படி, நாற்பது படி இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, மழைக்காலத்தில் பாசி. சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்தால் அது திண்ணையில்தான் நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போக ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் தூக்க வேண்டும். அதனால் சாய்தளம் போட முடியுமா, முடியாவிட்டால் ரோட்டோரம் வாடகைக்கு வீடு பார்க்க எவ்வளவு ஆகும் என்று ஒரு சிவில் இன்ஜினியரிடம் மதிப்பீடு வாங்கி மனுவோடு இணையுங்கள். படிகளைப் போட்டோ எடுங்கள், தம்பியைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை வீடியோ எடுங்கள். கழிப்பறை மாற்றம், வெந்நீர், மாதாமாதம் கோவை போய்வரும் டாக்ஸி பில் எல்லாம் தனித்தனித் தலைப்பில் வர வேண்டும். தலைப்பு பிரித்துக் கேட்டால் ஒவ்வொன்றையும் ஏன் மறுக்கிறோம் என்று உத்தரவில் காரணம் எழுத வேண்டிவரும். மொத்தமாக ஒரு தொகை கேட்டால் மொத்தமாகக் குறைத்துவிடுவார்கள்.

முதுகுத்தண்டு வழக்குகளில் நீங்கள் அவசியம் காட்ட வேண்டிய தீர்ப்பு, ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் மீது வந்தது. 1990-இல் ஓர் இன்ஜினியரிங் மாணவருக்கு நெஞ்சுக்குள், முதுகெலும்பை ஒட்டிய கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. எழுந்தபோது இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. நரம்பியல் அறுவை நிபுணர் உடன் இல்லாமல் செய்தது, பரிசோதனைக்கு வாங்கிய ஒப்புதலை வைத்துக் கட்டியையே எடுத்தது என்று குறைகளைச் சொல்லி, 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அந்த வழக்கில் நோயாளியே நேரில் வந்து வாதாடினார். வருடங்களையும் கவனித்தீர்களா? சட்டத்தில் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. நடைமுறையில் மாவட்ட ஆணையமே சில வருடம் எடுக்கலாம், பிறகு மாநில ஆணையத்தில் அப்பீல். மருத்துவமனை அப்பீல் போக வேண்டுமானால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்பது மட்டும் ஆறுதல்.

மரத்திலிருந்து விழுந்த வழக்குகளைப் பற்றியும் பலர் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிளகு பறிக்கவும் கிளை கழிக்கவும் சில்வர் ஓக்கில் ஏறி விழுகிறவர்கள் கூடலூர்ப் பக்கம் அதிகம். போர்வையில் தூக்கி ஜீப்பில் போட்டுக் கொண்டுபோவார்கள். முதலில் பார்த்த மருத்துவமனை எலும்பு முறிவைக் கவனிக்காமல் வலி ஊசி போட்டு அனுப்பி, பிறகு கால் போனால், "நீங்கள் தூக்கிய விதத்தில்தான் போனது" என்பார்கள். நடுவில் கட்டு வைத்தியரிடம் போய் எண்ணெய் தேய்த்திருந்தால் அதையும் இழுப்பார்கள். மறைக்காதீர்கள். முதல் மருத்துவமனைச் சீட்டில் கால் அசைகிறது என்று எழுதியிருந்தால் போதும், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்ப்பதற்கு அது ஓர் ஆரம்பப் புள்ளி.

வக்கீல் செலவுக்குப் பயந்து உட்கார்ந்துவிட வேண்டாம். உதகை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். "ஜெயித்தால் இத்தனை பர்சென்ட்" என்று பேசுகிற வக்கீலிடம் போகாதீர்கள், அப்படிப் பேசுவதே பார் கவுன்சில் விதிக்கு விரோதம்.

வழக்கு நடக்கிற காலத்தில் தம்பியின் உடம்பைப் பார்த்துக்கொள்வதும் வழக்கின் பகுதிதான். உணர்ச்சியில்லாத இடத்தில் படுக்கைப் புண் வந்தால் ஆறாது, "நீங்கள் கவனிக்கவில்லை" என்ற பழியும் வரும். ஒரே நிலையில் நெடுநேரம் உட்கார விடாதீர்கள். நம் குளிருக்குக் கரி அடுப்பின் பக்கம் காலை நீட்டுவது, வெந்நீர்ப் பை வைப்பது ரெண்டும் கூடவே கூடாது, வெந்துபோனால்கூட அவருக்குத் தெரியாது. நிரந்தரக் குழாய்க்குப் பதிலாக நேரம் பார்த்துத் தானே குழாய் விட்டு எடுக்கும் முறையைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவில் இதற்கெல்லாம் பயிற்சி உண்டு. போன செலவு, வந்த செலவு, ஒவ்வொரு சீட்டையும் எடுத்து வையுங்கள். ஊனச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் உடனே வாங்கிவிடுங்கள். அரசு உதவித்தொகை வாங்கினால் வழக்கு பலவீனமாகிவிடும் என்ற பயம் வேண்டாம், அது வேறு, இது வேறு.

கடைசியாக அந்த 4 லட்சம். மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பார்த்தால் உதவியாளின் மூன்றரை வருடச் சம்பளத்துக்குக்கூட வராது. "முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதிக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் பணத்துக்கு மிகவும் கஷ்டம், வாங்காமல் முடியாது என்றால், "தொடர் சிகிச்சைச் செலவுக்காக, என் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று எழுதித் தரச் சம்மதிக்கிறார்களா என்று கேளுங்கள். செக்காகவோ வங்கி வழியாகவோ மட்டும் வாங்குங்கள். சம்மதிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்த வாரமே கேஸ் ஷீட் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். மனு தாக்கலான பிறகும் ஆணையத்தின் சமரச மையத்தில் பேச வாய்ப்பு உண்டு. நர்ஸ் நோட்ஸ் உங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவர்கள் சொல்லும் தொகை நாலு லட்சமாக இருக்காது.